பன்றிக் குட்டியைக் காக்கும் கோழி முட்டை

மனிதக் குழந்தை கருவிலிருக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுவிடுகிறது. பன்றிக் குட்டிக்கு அந்தப் பேறு இல்லை. பன்றியின் நச்சுக்கொடி அப்பொருள்களை உட்புக விடுவதில்லையாதலால், பிறந்த குட்டி சீம்பாலைக் குடித்தே அவற்றை அடைய வேண்டும். அதுவும் ஏறக்குறைய ஒன்றரை நாளுக்குள்! பின்னர் குடல் அவற்றை இரத்தத்துள் விடாது. முலைக்கு முந்த முடியாத நோஞ்சான் குட்டி ஏமாந்து போகும்.

அத்தகைய குட்டிக்குப் பெரும் பகை, ஈ. கோலி என்ற நுண்கிருமியால் வரும் கழிச்சல். தியோடர் எஷரிச் 1885இல் விவரித்த இக்கிருமியின் பல வகைகள் நம் குடலிலும் தீங்கின்றி வாழ்கின்றன. தீய வகைக்கோ மேற்புறத்தில் மயிர் போன்ற நுண்ணிழைகள் உண்டு. அவற்றால் குடற்சுவரைப் பற்றிக்கொண்டு நஞ்சு கக்குகிறது. உடலின் நீரெல்லாம் குடலுள் வடிந்து குட்டி வற்றிச் சாகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒட்டுப்புல்லைச் சொன்னாற் போதும், விளங்கிவிடும். பற்ற இயலாத கிருமி உணவோடு அடித்துச் செல்லப்படும். கே88 என்னும் இழை பற்றுவதற்குரிய இடம் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே இல்லை. அவ்வகைக் கழிச்சல் அவற்றை அண்டுவதில்லை. நோயின் சூட்சுமம் பிடியிலேதான் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அந்தப் பிடியைத் தடுக்கும் பொருளைக் கோழி தருகிறது. இழைகளைப் பிரித்தெடுத்துக் கோழிக்கு ஊசி போட்டால், அது எதிர்ப்புப் பொருளை உண்டாக்கித் தன் குஞ்சுக்காக மஞ்சட்கருவில் சேர்த்து வைக்கும். கோழியின் இவ்வியல்பை கிளெம்பெரர் என்ற மருத்துவர் 1893இலேயே மெய்ப்பித்தார். 1992இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கே88, கே99, 987பி என்ற மூன்று இழைகளுக்கும் எதிரான மஞ்சட்கருப் பொடியைச் செய்து, கிருமி ஊட்டப்பட்ட குட்டிகளுக்குப் புகட்டினர். பொடியின் அளவு கூடக் கூடப் பாதுகாப்பும் கூடியது.

கிருமிக்கொல்லி மருந்து இருக்க இது எதற்கு என்பார் உளர். 2015இல் சீனாவில், கொலிஸ்டின் என்ற மருந்தை வெல்லும் ஆற்றல் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதைப் பன்றிகளிடத்திலும் மனிதரிடத்திலும் கண்டறிந்தனர். வேறு மருந்து பலிக்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது அம்மருந்து! ஐரோப்பிய ஒன்றியம், வளர்ச்சிக்காகத் தீனியில் கிருமிக்கொல்லி கலப்பதை 2006இல் அறவே நிறுத்தியது.

ஆயினும் முட்டை மருந்தைச் சர்வரோக நிவாரணியென எண்ணலாகாது. ஓர் இழைக்கெனச் செய்தது மற்றோர் இழைக்கு உதவாது. குடலில் இருக்கும்வரைதான் காவல். ஆகவே நாள்தோறும் ஊட்ட வேண்டும். இரைப்பையின் புளிப்பு வேறு அதைச் சிதைக்கிறது. பால்குடிக் குட்டிகளிடம் கண்ட நற்பலன், பால் மறந்த குட்டிகளிடம் சில சோதனைகளில் கிட்டியது, சிலவற்றில் கிட்டவில்லை.