இறகுக்காற் கோழிக் குஞ்சுகளும் மலைநாட்டுக் குளிரும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் வீட்டுப்புறத்திற் சில கோழிகளையும் வளர்த்து வருகின்றனர். வயலிற் கிடைக்கும் உமி கோழிக்கூட்டின் தரைக்கு உதவுகின்றது, தவிடு தீனியாகின்றது, கோழியெரு மக்கியபின் மரக்கறிப் பாத்திகளுக்குச் சிறந்த பசளையாகின்றது. எனினும் குஞ்சுகள் இறந்துபோமாயின் இவ்வூதியம் யாவும் வீணாகும். குளிர்ந்த மலைநாட்டிலே இவ்விழப்பிற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று இறகு வளர்ச்சியைச் சரியாக அறியாமையாகும்.

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே மலைநாட்டு இருப்புப்பாதையில் அமைந்துள்ளது றொசல்ல. அயலிலுள்ள வட்டவளை இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின்போது இப்பகுதியில் வெயிலைக் காண்பது அரிது. ஈரலிப்பும் குளிர்காற்றும் லயங்களின் பின்புறத்துக் கூடுகளினுள்ளும் புகும். தாழ்நாட்டிலே தவறின்றி நடைபெறும் குஞ்சு வளர்ப்பு முறை இங்கு அவ்வாறே பயன்படாது.

இறகுக்காற் கோழிகள் எவை?

கணைக்காலிலும் விரல்களிலும் இறகு முளைக்கும் இனங்கள் சிலவுண்டு. கொச்சின், பிரமா, லாங்சான், பட்டுக்கோழி எனப்படும் சில்க்கி, பிரான்சு நாட்டுப் பவரோல் ஆகியன அவற்றுட் சில. கொச்சின் என்னும் பெயரைக் கேட்டு அது மலையாள நாட்டிலிருந்து வந்ததென எண்ணலாகாது. அக்கோழி 1840 ஆம் ஆண்டுகளிற் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. பிரமா என்பது பிரமபுத்திரா நதியின் பெயரைத் தாங்கியிருப்பினும், சீனத்துச் சாங்காய்த் துறைமுகத்தினின்று வந்த கோழிகளைக்கொண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இனமாகும். 1852 ஆம் ஆண்டில் இவ்வினக் கோழிகள் ஒன்பது விக்டோரியா மகாராணியாருக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்டன. அழகும் பருமனும் அமைதியான சுபாவமும் இவற்றை எங்கும் விரும்பச் செய்தன.

இரண்டு வேறு குணங்கள்

இறகுக்காற் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும்போதே அதன் கணைக்காலின் வெளிப்புறத்தில் மென்தூவி காணப்படும். இதனைக் கண்டு, காலிலும் இறகுள்ள குஞ்சு குளிரை நன்கு தாங்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. காலில் இறகு முளைத்தல் ஒரு குணம். உடல் விரைவாக இறகால் மூடப்படுதல் மற்றொரு குணம். இவை வெவ்வேறு பரம்பரையலகுகளால் ஆளப்படுவன.

காலின் இறகுகள் சிறகின் பெரிய இறகுகளை ஒத்திருத்தலைச் சார்ள்ஸ் டார்வின் 1868 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். புறாக்களைப்பற்றி 2016 ஆம் ஆண்டிலும் கோழிகளைப்பற்றி 2020 ஆம் ஆண்டிலும் வெளியான ஆராய்ச்சிகள் இதன் காரணத்தை விளக்கின. வழக்கமாகச் சிறகு உருவாவதற்கு வேண்டிய பரம்பரையலகு ஒன்று, இவ்வினங்களிற் கருவின் காலிலும் செயற்படுகின்றது. அதனாற் கால் ஓரளவு சிறகின் தன்மையைப் பெறுகின்றது.

இறகு தாமதித்து வளரும் குணமோ, ஆண் பெண் பாலை நிருணயிக்கும் நிறமூர்த்தத்தில் உள்ள மற்றொரு பரம்பரையலகாலாயது. லெகோன் போன்ற இலேசான இனங்களிற் குஞ்சுகள் விரைவாக இறகு பெறும். கொச்சின், பிரமா போன்ற பாரமான ஆசிய இனங்களிற் பெரும்பாலும் தாமதித்தே பெறும்.

வளர்ச்சியின் ஒழுங்கு

குஞ்சின் மென்தூவி சில நாட்களுக்கே போதுமானது. முதலிற் சிறகிலும், பின்னர் வாலிலும் தோளிலும், அதன்பின் மார்பிலும் முதுகிலும், ஈற்றிற் கழுத்திலும் தலையிலும் இறகு முளைக்கும். விரைவாக இறகு பெறும் குஞ்சுக்குப் பத்தாம் நாளில் வாலிறகு தெளிவாகத் தெரியும். தாமதித்துப் பெறும் குஞ்சுக்கு அப்பொழுது வாலே இராது. முன்னது ஐந்து ஆறு வாரங்களில் முற்றாக மூடப்பட, பின்னதற்கு எட்டுப் பத்து வாரங்கள் செல்லும். சேவற்குஞ்சுகள் பேட்டுக்குஞ்சுகளிலும் பிந்தும்.

ஆகவே நாலாம் வாரத்தில் முதுகு வெறுமையாக நிற்கும் குஞ்சு நோயுற்றதென்று கருதற்க. அது தன் இனத்தின் இயல்பின்படி வளர்ந்துகொண்டிருக்கலாம். எனினும் அந்நிலையிலுள்ள குஞ்சைக் குளிரில் விடின் அது நோயுறுதல் திண்ணம். ஒரே நாளிற் பொரித்த லெகோன் குஞ்சுகளோடு அதனையும் வெப்பத்தினின்று நீக்குதலே பெருந் தவறாகும். இரவிற் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்குண்டு, அடியிலுள்ளவை மூச்சடைத்து இறக்கும்.

வெப்பம் அளித்தல்

முதல் வாரத்திற் குஞ்சுகளின் முதுகு மட்டத்தில் வெப்பம் 95 பாகை பரனைட், அதாவது 35 பாகை செல்சியசு இருத்தல் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 5 பாகை பரனைட் வீதம் குறைத்து, ஏறத்தாழ 70 பாகைக்குக் கொண்டுவரலாம். றொசல்ல போன்ற இடங்களில் இறகுக்காற் குஞ்சுகளுக்கு நாட்கணக்கைவிட உடலே சிறந்த அளவுகோலாகும். குஞ்சைக் கையில் எடுத்து முதுகையும் மார்பையும் சிறகின் கீழ்ப்புறத்தையும் பார்த்து, அவை மூடப்பட்ட பின்னரே இரவு வெப்பத்தை நிறுத்துக.

வெப்பமானி இல்லாதவிடத்துக் குஞ்சுகளின் நடத்தையே வழிகாட்டும். விளக்கின் கீழ் நெருங்கிக் கீச்சிட்டாற் குளிர் மிகுந்தது. விளக்கைவிட்டு விலகி வாய் திறந்து மூச்சு வாங்கினாற் சூடு மிகுந்தது. பரவலாகப் படுத்து உறங்கினால் அளவு சரியானது. மூடிய அறையிற் கரிச்சட்டி வைத்தல் ஆகாது. அதிலிருந்து எழும் நச்சுவாயு குஞ்சுகளை மட்டுமன்றி அங்கு உறங்கும் மக்களையும் கொல்லும்.

கொச்சின் பேடும் சில்க்கிப் பேடும் நன்கு அடைகாக்கும். ஆயினும் குஞ்சுகள் வளர்ந்தபின் தாயின் சிறகு எல்லாவற்றையும் மூடப் போதாது. மலைநாட்டில் ஒரு தாயிடம் பத்துக் குஞ்சுகளுக்கு மேல் விடாதிருத்தல் நலம். தாய் குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும்போது அவற்றுக்கு இறகு நிறைந்துள்ளதா எனப் பார்த்துக்கொள்க.

தரையும் காலும்

ஈரத்தரை இக்குஞ்சுகளுக்கு இரட்டைப் பகை. காலிறகிற் சேறும் எச்சமும் ஒட்டிக் கட்டியாக இறுகும். ஈரமான உமியில் இரத்தக்கழிச்சல் நோய்க் கிருமி பெருகும். எனவே காய்ந்த உமியை இரண்டு மூன்று அங்குலக் கனத்திற்குப் பரப்பி, நனைந்த பகுதியை உடனே அகற்றுதல் வேண்டும். நீர்ப்பாத்திரத்தை மரச்சட்டத்தின்மேல் வைத்தால் நீர் சிந்தித் தரை நனையாது. சில்க்கியின் இறகு ஒன்றோடொன்று பிணையாத பஞ்சு போன்றதாகையால் மழையில் முற்றாக நனையும். அதனை மழைநாளில் வெளியே விடலாகாது.

முளைக்கும் குருத்திறகினுள் இரத்தம் உண்டு. அது முறிந்தால் இரத்தம் கசியும். சிவப்பைக் கண்ட மற்றக் குஞ்சுகள் கொத்தத் தொடங்கும். காயப்பட்ட குஞ்சை உடனே பிரித்து வைத்தல் வேண்டும். வளர்ந்த கோழிகளிற் காற்செதில்கள் தூக்கி நின்றாற் செதிலுண்ணி பற்றியிருக்கலாம். இறகு மறைப்பதால் இது எளிதிற் கண்ணுக்குப் படாது. இளஞ்சூடான சவர்க்கார நீரிற் காலைக் கழுவி உலர்த்தித் தேங்காயெண்ணெய் பல முறை பூசுக. குணப்படாவிடின் அரச மிருக வைத்தியரை நாடுக.

தீனி

இறகின் பெரும்பகுதி புரதமே. ஆகவே தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் மட்டும் தின்னும் குஞ்சுக்கு இறகு செவ்வையாக வளராது. குஞ்சுத் தீனியில் நூற்றுக்கு இருபது பங்கு புரதம் இருத்தல் நன்று. உப்புக் குறைந்த மீன்தூள், சோளம், இலைக்கறி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் இறகு செழிக்கும்.

தெரிவு செய்தல்

இரு குணங்களும் வெவ்வேறானவை என்பது கமக்காரருக்கு நன்மையே. காலிறகின் அழகை இழவாமலே விரைவாக இறகு பெறும் குஞ்சுகளைத் தெரிந்து பெருக்கலாம். பத்தாம் நாளில் வால் தெரியும் குஞ்சுகளின் காலில் வளையமிட்டு, அவற்றையே விதைக்கோழிகளாக வைத்துக்கொள்க. சிறந்த கதிரிலிருந்து விதைநெல் எடுக்கும் கமக்காரருக்கு இது புதிய முறையன்று. சில தலைமுறைகளில் மலைநாட்டுக் குளிருக்கு ஏற்ற குஞ்சுகள் அவர்தம் கூட்டிலேயே தோன்றும். அதுவரை, இறகு நிறையும் நாள் மட்டும் இரவு விளக்கை அணையாது வைத்திருத்தலே குஞ்சுகளைக் காக்கும் வழியாகும்.