சோதனைக் காலத்தில் இறைவார்த்தையை நம்புதல்

சோதனைக் காலத்தில் இறைவார்த்தையை நம்புதல் என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படைப் போதனைகளுள் ஒன்று. நோய், இழப்பு, வறுமை, பிரிவு முதலியவை நேரும்போதும், கடவுள் அளித்தவை என்று கிறித்தவர்கள் ஏற்கும் வேதாகம வாக்குறுதிகளை விடாமல் பற்றி வாழ்வதை இது குறிக்கும். 'நம்பினால் துன்பம் வராது' என்று பலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. துன்பம் வரும், அதன் நடுவே கடவுள் உடனிருப்பார் என்றே அது சொல்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, சேலத்தைச் சுற்றியுள்ள மலைகளில் வாழ்ந்து மறைந்த ஒரு குடும்பத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

சொற்பொருள்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் இப்போதனை தொடர்பாக மூன்று சொற்கள் அடிக்கடி வருகின்றன.

விசுவாசம்: கடவுள் மீதும் அவர் வார்த்தை மீதும் வைக்கும் பற்றுறுதி. புரோட்டஸ்டண்ட் சபைகள் இச்சொல்லையே கையாளுகின்றன. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் மொழிபெயர்ப்பில் இதற்கு 'நம்பிக்கை' என்ற சொல் உள்ளது. பழைய மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை' என்பது வருங்காலத்தைப் பற்றிய எதிர்பார்ப்பைக் குறிக்கும். அதனைப் புதிய மொழிபெயர்ப்பு 'எதிர்நோக்கு' என்கிறது. இரு மொழிபெயர்ப்புகளையும் படிக்கும் மாணவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வாக்குத்தத்தம்: கடவுள் மனிதருக்குக் கொடுத்த உறுதிமொழி.

சோதனை: இச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தீமை செய்யத் தூண்டும் ஈர்ப்பு ஒன்று. மன உறுதியைப் பரிசோதிக்கும் துன்பம் மற்றொன்று. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்திலும் ஒரே சொல் இவ்விரு பொருளிலும் வருகிறது. துன்பத்தில் இருப்பவருக்குக் கடவுளை விட்டு விலகும் ஈர்ப்பும் கூடவே வருகிறது என்பதை இவ்விரட்டைப் பொருள் உணர்த்துகிறது.

வேதாகமப் பின்னணி

பழைய ஏற்பாட்டில் யோபுவின் வரலாறு இதற்கு முதன்மையான சான்று. 42 அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் முதல் இரண்டு அதிகாரங்களிலேயே யோபு செல்வத்தையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்துவிடுகிறார். பாவம் செய்ததால்தான் துன்பம் வந்தது என்று நண்பர்கள் வாதிடுகின்றனர். யோபு அதை மறுத்து, கடவுளிடமே நியாயம் கேட்கிறார். நூலின் முடிவில் கடவுள் பேசுகிறார். ஆனால் துன்பத்தின் காரணத்தைக் கூறவில்லை. காரணம் கூறிய நண்பர்களையே கடிந்துகொள்கிறார்.

150 சங்கீதங்களில் பெரும் பகுதி முறையீட்டுப் பாடல்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இன்றி இருளிலேயே முடிகிறது. கி.மு. 586 வாக்கில் எருசலேம் அழிந்ததை எண்ணி அழும் புலம்பல் நூலும் வேதாகமத்தில் உண்டு. கடவுள் முன் அழுவதும் கேள்வி கேட்பதும் விசுவாசக் குறைவு ஆகா என்பதை இவை காட்டுகின்றன. இயேசுவே சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் முறையீட்டைத் தம் வாயால் சொன்னதாக நற்செய்தி நூல்கள் கூறுகின்றன.

புதிய ஏற்பாட்டில் மேலும் இரு சான்றுகள் உள்ளன. பவுல் தம் உடலில் இருந்த ஒரு வேதனை நீங்க மூன்று முறை வேண்டினார், அது நீங்கவில்லை. அதைத் தாங்கும் வலிமை மட்டுமே அவருக்கு உறுதி அளிக்கப்பட்டது. இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது, ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சாத்தான், பாதுகாப்பை உறுதியளிக்கும் 91ஆம் சங்கீதத்தையே மேற்கோள் காட்டினான். இயேசு குதிக்கவில்லை, கடவுளைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று மறுத்தார். வாக்குறுதியை நம்புவது வேறு. அதைக் காட்டிக் கடவுளைக் கட்டாயப்படுத்துவது வேறு.

சேலத்து மலைகள்

சேலம் நகரைச் சூழ்ந்து கிழக்குத் தொடர்ச்சி மலையின் பல கிளைகள் உள்ளன. வடக்கே ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலை. மற்ற திசைகளில் கல்வராயன் மலை, சித்தேரி மலை, பச்சைமலை, கொல்லிமலை முதலியவை. இம்மலைகளில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். 'மலையை ஆள்பவர்' என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். கேரள மக்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறியவர்கள் என்பது இவர்களின் மரபுக்கதை.

ஒரே மக்கள் வாழ்ந்தபோதும் மலைகளின் வரலாறு ஒன்றுபோல் அமையவில்லை. சேர்வராயன் மலையில் 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். தோட்டங்களைத் தொடர்ந்து சாலைகளும் தேவாலயங்களும் வந்தன. பின்னர் 1917இல் தொடங்கிய மான்போர்ட் பள்ளி போன்ற கல்வி நிலையங்களும் வந்தன. கொல்லிமலையின் நிலை வேறு. அங்கே செல்ல அன்று நல்ல பாதை இருக்கவில்லை. மலைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியாவுக்கு அஞ்சி, சமவெளி மக்கள் அங்கு இரவில் தங்கத் தயங்கினர். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லிமலை, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது.

ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும்

ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் இங்கிலாந்திலிருந்து ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் வந்து, கொல்லிமலை அடிவாரத்தை அடுத்த சேந்தமங்கலத்தில் பணியாற்றினார். ஈவ்லின் ஹாரிஸ் லண்டனில் வசதியான குடும்பத்தில் 1879இல் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். இருவரும் 1913இல் திருமணம் செய்துகொண்டு கொல்லிமலையில் வாழவந்தி என்னும் ஊரில் குடியேறினர்.

வேதத்தைப் போதிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தனர்; புண்ணுக்குக் கட்டுப் போட்டனர்; பல் பிடுங்கினர். பள்ளி நடத்தினர், தச்சு வேலையும் விவசாயமும் கற்றுக்கொடுத்தனர். நரம்புச் சிலந்தி நோயால் அவதியுற்றவர்களுக்கும் மருத்துவம் செய்தனர். நோய்ப் புழுவின் முட்டைப்புழுக்கள் கலந்த குளத்து நீரைக் குடிப்பதால் வரும் நோய் இது. இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே சான்றளித்தது.

இவ்வளவு செய்தும் ஆண்டுகள் பல கடந்தன. ஒருவர்கூட அவர்களின் சமயத்தில் சேரவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். 1918இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் கொல்லிமலைக்கும் வந்தது. நோயுற்றவர்களை நெருங்கப் பலர் அஞ்சிய அந்நாட்களில் பிராண்ட் தம்பதியர் வீடு வீடாகக் கஞ்சியுடன் சென்றனர். அந்தப் பூசாரியும் நோயில் வீழ்ந்தார். மரணத் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை இத்தம்பதியரிடமே ஒப்படைத்தார். அதன் பிறகே மலை மக்களுக்கும் அவர்களுக்கும் இடையே நெருக்கம் உண்டானது.

1929ஆம் ஆண்டின் இழப்பு

இவர்களுக்கு பால், கான்னி என இரு பிள்ளைகள். 1923இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்றபோது, படிப்புக்காகப் பிள்ளைகளை உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினர். அப்போது பாலுக்கு 9 வயது. அன்றைய மிஷனெரிக் குடும்பங்களில் இது வழக்கமாக இருந்தது. ஆயினும் அதன் சுமையைப் பிள்ளைகளும் சேர்ந்தே சுமந்தனர்.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். மலேரியா முற்றிய நிலையில் இரத்தச் சிவப்பணுக்கள் பெருமளவில் உடைந்து, சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய நோய் இது. அப்போது அவருக்கு வயது 44. இங்கிலாந்தில் இருந்த மகனுக்குத் தந்தி உடனே கிடைத்தது. ஆனால் தந்தை முன்னரே எழுதி அனுப்பிய கடிதங்கள் கப்பல் வழியே வந்ததால், மரணச் செய்திக்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. தாய் ஊர் திரும்பியபோது, துயரத்தால் மிகவும் முதுமையடைந்து தோன்றிய அவரைக் கண்டு திகைத்ததைப் பால் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

நோயுற்றவர்களைக் காத்தவர் நோயாலேயே இறந்தார். பாதுகாப்பை உறுதியளிக்கும் வசனங்களை நாள்தோறும் படித்த வீட்டில்தான் இந்த மரணம் நேர்ந்தது. 'நம்பினால் துன்பம் வராது' என்ற பொருள் உண்மையானால், ஈவ்லினின் விசுவாசம் அன்றே முடிந்திருக்க வேண்டும். அவர் மீண்டும் தமிழ்நாட்டுக்கே வந்தார்.

மலைக்குத் திரும்புதல்

சமவெளியிலும் மலையிலும் பல ஆண்டுகள் பணியாற்றிய ஈவ்லினுக்கு எழுபது வயது நெருங்கியபோது மிஷன் நிர்வாகம் ஓய்வு கொடுத்தது. அவர் நிர்வாகத்திலிருந்து விலகி, சொந்தப் பொறுப்பில் மலைக்கே சென்றார். சுற்றியுள்ள ஐந்து மலைத்தொடர்களுக்கும் செல்வது என்று கணவரும் அவரும் இளமையில் திட்டமிட்டிருந்தனர். கொல்லிமலையோடு நின்றுபோன அத்திட்டத்தைக் கல்வராயன் மலை, பச்சைமலை, சித்தேரி மலை என முதுமையில் அவர் தொடர்ந்தார். குதிரையில் ஏறிச் சிற்றூர்களுக்குச் சென்றார். கீழே விழுந்து எலும்பு முறிந்த பிறகு இரு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். மகன் வற்புறுத்தியும் கீழே வந்து தங்க மறுத்தார். மக்கள் அவரைப் பாட்டி என்றே கொண்டாடினர். 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் மறைந்த அவர் வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

வலியைப் பற்றிய புதிய பார்வை

மகன் பால் பிராண்ட் மருத்துவராகி 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தும் அறுவை மருத்துவத்தால் நிமிர்த்துவதில் முன்னோடியானார். தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் பலர் எண்ணினர். வலி உணர்ச்சி இல்லாததால் தீக்காயமும் வெட்டுக்காயமும் தெரியாமல் போவதே பெரும் சேதத்துக்குக் காரணம் என்பதை அவர் விளக்கினார். வலி உடலைக் காக்கும் கொடை என்று பிற்காலத்தில் நூலும் எழுதினார். எல்லாத் துன்பத்துக்கும் இது விடையாகாது. ஆயினும் வலி என்றாலே கடவுளின் தண்டனை என்ற எண்ணத்துக்கு இது தக்க மறுப்பு.

தமிழ்ச் சபைகளின் வழக்கம்

தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அன்று முதல் வேத வசனம் தமிழ்க் கிறித்தவர்களின் இல்ல வாழ்வோடு கலந்துள்ளது. வசனம் எழுதிய நாட்காட்டியைச் சுவரில் மாட்டுவதும், மாலையில் குடும்ப ஜெபம் செய்வதும், நோயாளியின் படுக்கை அருகே சங்கீதம் வாசிப்பதும் பரவலான வழக்கங்கள். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் பல சபைகளில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை வழங்கப்படுகிறது.

இவ்வழக்கத்தில் ஒரு கவனம் தேவை. அட்டையில் உள்ள ஒற்றை வசனத்தை அந்த ஆண்டின் பலன் போலக் கருதினால், ஆண்டின் நடுவே துன்பம் வரும்போது மனம் உடைந்துபோகும். வசனத்தை அது இடம்பெற்ற அதிகாரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆறுதல் தரும் வசனங்கள் பல, சிறையிருப்பிலும் நாடுகடத்தலிலும் இருந்தவர்களை நோக்கிச் சொல்லப்பட்டவை.

தவிர்க்க வேண்டிய தவறுகள்

துன்பப்படுபவரிடம் 'உனக்கு விசுவாசம் போதவில்லை' என்று கூறுவது யோபுவின் நண்பர்கள் செய்த தவறு. விசுவாசத்தின் பெயரால் மருந்தை மறுப்பது இன்னொரு தவறு. வேதத்தை நம்பிய பிராண்ட் தம்பதியரே மருந்துப் பெட்டியோடுதான் மலை ஏறினர். மூன்றாவது, துயரத்தில் இருப்பவரை அழவிடாமல் உடனே வசனம் சொல்லி அடக்குவது. யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாட்கள் எதுவும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே.

இறைவார்த்தையை நம்புவோர் துன்பத்துக்கு விலக்கானவர் அல்லர். துன்பத்துக்குப் பின்னும் செய்ய வேண்டிய கடமை உண்டு என்றும், அதைச் செய்யும்போது தாம் தனித்து விடப்படவில்லை என்றும் அவர்கள் நம்புகின்றனர். ஈவ்லின் பிராண்ட் கணவரை இழந்தபின் 45 ஆண்டுகள் அவ்வாறு வாழ்ந்தார்.