கலங்காரி முன்வரைவு

கலங்காரி முன்வரைவு என்பது, துணியில் கையால் தீட்டப்படும் கலங்காரி ஓவியத்திற்கு மை தொடுவதற்கு முன்னர் செய்யப்படும் திட்டமிடலையும் கரிக்கோட்டு வரைதலையும் குறிக்கும். தமிழ்நாட்டில் இக்கலை அரியலூர் மாவட்டத்தின் கருப்பூரிலும், தஞ்சாவூர் மாவட்டம் திருவிடைமருதூர் வட்டத்தைச் சேர்ந்த சிக்கல்நாயக்கன்பேட்டை, திருப்பனந்தாள் ஆகிய ஊர்களிலும் வழங்கி வருகின்றது. கலங்காரியில் ஒருமுறை இட்ட மைக்கோட்டை அழிக்க இயலாது. ஆகவே ஓவியத்தின் வெற்றி பெரும்பாலும் இந்த முதற்கட்டத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றது.

பெயரும் பின்னணியும்

பாரசீக மொழியில் கலம் என்பது எழுதுகோலையும், காரி என்பது வேலையையும் குறிக்கும். தஞ்சை நாயக்கர் காலத்திலும் பின்னர் மராட்டியர் காலத்திலும் இக்கலை அரச ஆதரவு பெற்றது. மராட்டிய அரச குடும்பத்தினருக்காக நெய்து சாயமிடப்பட்ட கொடாலிக் கருப்பூர்ச் சேலைகள் புகழ் பெற்றவை. 1855 ஆம் ஆண்டில் அவ்வரசு முடிவுற்றதும் சேலைத் தொழில் நலிந்தது. கோயில்களுக்குத் தேவையான துணிகளே இக்கலையைத் தொடர்ந்து வாழ வைத்தன. தேர்களில் தொங்கவிடப்படும் உருளை வடிவத் தொம்பை, மேற்கட்டியாகக் கட்டப்படும் அஸ்மானகிரி, குடைத்துணி, வாயில் தோரணம் ஆகியன அவற்றுள் சில.

கருப்பொருளைத் தேர்தல்

இதிகாசங்கள், புராணங்கள், தல வரலாறுகள் ஆகியவற்றிலிருந்து கருப்பொருள் எடுக்கப்படுகின்றது. ஒரு கதை முழுவதையும் ஒரே படத்தில் அடக்க முடியாது என்பதால், எந்தக் கணங்களைக் காட்டுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் தல வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வரகுண பாண்டியனின் குதிரைக் குளம்பில் பட்டு அந்தணர் ஒருவர் இறக்கின்றார். பிரமகத்தி மன்னனைத் தொடர்கின்றது. அவன் கிழக்கு வாயில் வழியாகக் கோயிலினுள் நுழைய, பிரமகத்தி வெளியே நின்றுவிடுகின்றது. இறைவன் ஆணைப்படி மன்னன் மேற்கு வாயில் வழியாக வெளியேறி விடுதலை பெறுகின்றான். இதில் குதிரை, கிழக்கு வாயில், மேற்கு வாயில் என மூன்று கணங்கள் போதுமானவை. ஒரே மன்னன் மூன்று கட்டங்களிலும் தோன்றுவதால், அவனுடைய முடியும் ஆடையும் மாறாமல் இருந்தால்தான் பார்ப்பவர் அவனை அடையாளம் காண்பர். பழைய துணிகள் சிலவற்றில் காட்சிகளின் கீழ் தமிழிலோ தெலுங்கிலோ விளக்க வரிகள் எழுதப்பட்டுள்ளன. அத்தகைய வரிகளுக்கான இடத்தையும் முன்னரே ஒதுக்க வேண்டும்.

இடப் பங்கீடு

துணி எங்கு, எவ்வாறு தொங்கப் போகின்றது என்பதைப் பொறுத்து இடப் பங்கீடு அமையும்.

தொம்பை: 60 செ.மீ. விட்டமுடைய தொம்பைக்குச் சுற்றளவு ஏறத்தாழ 188 செ.மீ. ஆகும். தையலுக்கான துணி இதற்கு மேற்பட்டது. ஓரிடத்தில் நிற்பவருக்கு இச்சுற்றளவில் பாதிக்கும் குறைவான பகுதியே தெரியும். அதிலும் ஓரங்கள் குறுகித் தோன்றும். ஆகவே எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு முழு உருவமாவது தெரியும்படி பகுக்க வேண்டும். துணியை உருளையாகத் தைக்கும்போது கடைசிக் கட்டம் முதற் கட்டத்தை ஒட்டி வந்துவிடும். மேலே கூறிய கதையில், விடுதலை பெற்ற மன்னனுக்கு அருகிலேயே குதிரை விபத்து வந்து நிற்கும். இரண்டுக்கும் இடையே ஒரு தூணையோ பூக்கொடிப் பட்டையையோ வரைந்து கதையின் தொடக்கத்தைப் பிரித்துக் காட்டலாம்.

அஸ்மானகிரி: இது கீழிருந்து பார்க்கப்படுவது. இதற்கு மேல், கீழ் என்ற திசை இல்லாமையால், நடுவில் தாமரை வட்டமும் அதைச் சுற்றி நாற்புறமும் விரியும் உருவங்களும் பொருத்தமாக அமையும்.

அளவு முறை

உருவங்களின் அளவுக்குச் சிற்ப நூல்கள் கூறும் தாள முறை துணை செய்கின்றது. ஒரு தாளம் 12 அங்குலம் ஆகும். இங்கு அங்குலம் என்பது இன்றைய அளவுகோலின் அங்குலம் அன்று; உருவத்தின் உயரத்தை ஒட்டி மாறும் ஓர் அலகு. நவதாள உருவம் 108 அங்குலமும், உத்தம தசதாள உருவம் 124 அங்குலமும் உயரம் உடையவை. 54 செ.மீ. உயரமுள்ள கட்டத்தில் நவதாள உருவம் ஒன்றை நிறுத்தினால், ஓர் அங்குலம் 0.5 செ.மீ. ஆகவும், முகம் ஒரு தாளம், அதாவது 6 செ.மீ. ஆகவும் அமையும். இவ்வாறு கணித்துக்கொண்டால் பல உருவங்கள் ஒரே அளவொழுங்கில் அமைகின்றன.

துணியும் கரிக்கோடும்

பருத்தித் துணியை நன்கு துவைத்து, கஞ்சி நீக்கி, கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். கடுக்காயில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உள்ளது. பாலின் கொழுப்பு, மை பரவிக் கசிவதைத் தடுக்கின்றது. துவைக்காத துணியில் வரைந்தால் பின்னர் அது சுருங்கி அளவுகள் மாறிவிடும்.

புளியங்குச்சியைச் சுட்டு எடுத்த கரியால் முதலில் எல்லைக் கோடுகளும் கட்டங்களும், பின்னர் உருவங்களின் நடுக்கோடு, தலை, இடுப்பு, பாதம் ஆகியவற்றின் நிலைகளும் குறிக்கப்படும். அதன் பின்னரே முகம், கைகள், அணிகலன்கள் வரையப்படும். கரி துணியின் மேல் படிந்து நிற்பதே அன்றி இழையுடன் இணைவதில்லை. தட்டினால் உதிரும், ஆகையால் எத்தனை முறையும் திருத்தலாம்.

மைக்கோடு

இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பல நாட்கள் புளிக்க வைத்துக் கரிய மை ஆயத்தம் செய்யப்படுகின்றது. இதிலுள்ள இரும்பு, துணியில் ஏறியுள்ள டானினுடன் வினைபுரிந்து இழையிலேயே கருமையாகின்றது. அதைக் கழுவி நீக்க முடியாது. மூங்கில் எழுதுகோலின் மேற்பகுதியில் சுற்றப்பட்ட துணியோ கம்பளியோ மையை உறிஞ்சி வைத்திருக்கும். அதை அழுத்தும் அளவைப் பொறுத்துக் கோட்டின் தடிப்பு மாறும். வண்ணமிடுதல் இதற்குப் பின்னரே தொடங்குகின்றது.

இன்றைய நிலை

கருப்பூர்க் கலங்காரி 2021 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கோயில் தேவைகளுக்கு ஒட்டுத்துணி வேலைப்பாடு கொண்ட தொம்பைகளும் அச்சிட்ட துணிகளும் பயன்படுத்தப்படுவதால், கையால் வரைபவர்கள் அவற்றுடன் போட்டியிட வேண்டியுள்ளது. புவிசார் குறியீடு பெயரைப் பாதுகாக்கின்றது. ஆயினும், வெற்றுத் துணியில் ஒரு புதிய கதையைக் கட்டமிட்டு அமைக்கும் திறன், பயிற்சியின் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். பழைய படங்களைப் படியெடுக்க மட்டும் கற்றவரால் புதிய ஊரின் தல வரலாற்றையோ புதிய அளவுள்ள துணியையோ கையாளுதல் கடினம் ஆகும்.