சைக்கிள் மிதியில் எத்தனை 'வாட்'? கணக்குச் சொல்லும் கருவி!

காரைக்காலில் இருந்து தரங்கம்பாடி பக்கம் விடியற்காலையில் சைக்கிள் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு எதிரி உண்டு. அதுதான் காற்று!

கார்த்திகை வாடையில் வடக்கே மிதித்தால் சைக்கிள் நகராது. திரும்பும்போது பறக்கும்! வேகத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம்.

காற்றுக்கு ஏமாறாது

'பவர் மீட்டர்' ஏமாறாது. மிதிகட்டையிலோ, 'கிராங்க்'கிலோ பொருத்தும் சின்னக் கருவி. கால் அழுத்தும் விசையையும், மிதி சுற்றும் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 'வாட்'டில் காட்டும். ஜெர்மனி என்ஜினீயர் உல்ரிச் ஷோபரர் 1986-ல் இந்தத் தொழிலைத் தொடங்கினார்.

ஒரு மணி நேரம் 200 வாட் மிதித்தால் நல்ல பயிற்சிக்காரர். அரை குதிரை சக்தி என்பதே 373 வாட்!

எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்பவர் பாதி வழியில் சோர்ந்து விடுவார். வாட்டைப் பார்த்து மிதிப்பவர் வீடு வந்து சேருவார்.

காசில்லாத வழி

விலை? சாதா சைக்கிளை விட அதிகம்! வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மிதித்துக் கொண்டே பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிறதா? வேகம் சரி. பேச்சு திணறுகிறதா? மிதியைக் குறையுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கண் சாலையில்தான் இருக்க வேண்டும். கருவியில் லாரி தெரியாது!