கூட்டுக் களவும் கைரேகைக் குறியும்

ஒரே நூலின் பிரதிகளைப் பலருக்கு விற்கும் ஒருவர், அந்நூல் களவாய்ப் பெருக்கப்படின் அதற்குக் காரணர் இன்னார் என அறிய விரும்புதல் இயல்பே. அதன்பொருட்டு ஒவ்வொரு பிரதியிலும் எளிதிற் புலப்படாத சிறு வேறுபாடுகளைப் புகுத்துதல் பழைய உபாயமாகும். முற்காலத்தில் லாகரிதம் அட்டவணைகளை வெளியிட்டோர், கடைசி இலக்கங்களில் வேண்டுமென்றே சிறு பிழைகளை இட்டு வைத்ததும் இக்கருத்துப் பற்றியே. இந்நாளில் நூலும் இசையும் படமும் கணிப்பொறியில் 0, 1 என்னும் இலக்கங்களாய் அமைதலின், அவ்வேறுபாடுகளும் ஓர் இலக்க வரிசையாகவே அமைகின்றன. ஆளுக்கொன்றாய் இருத்தலின், அதனைக் கைரேகைக் குறி என்பர்.

தனியொருவர் தம் பிரதியை அவ்வாறே வெளியிடின் அகப்படுவார். இருவர் கூடித் தம் பிரதிகளை ஒப்புநோக்கினாலோ, வேறுபடும் இடங்களெல்லாம் குறியிட்ட இடங்கள் என்பது அவர்கட்கு வெளிப்படும். அவ்விடங்களில் 0, 1 இரண்டில் எதனையும் விரும்பியவாறு வைத்து, ஒரு புதுப் பிரதியை ஆக்கலாம். இருவர்க்கும் ஒத்த இடங்களோ அவர்கட்குப் புலனாகா. ஆதலின் அவை மாறா. இந்நியதியை அடிப்படையாகக் கொண்டு, 1995ஆம் ஆண்டில் டான் போனே, ஜேம்ஸ் ஷா என்னும் இருவர் ஒரு வியத்தகு முடிவை வெளியிட்டனர். எவ்வளவு நுட்பமாய்க் குறியிடினும், கூட்டுக் களவில் குற்றவாளியை ஐயமறத் துணிதல் இயலாது என்பதே அது.

அதன் காரணத்தை ஒருவாறு விளக்குவாம். முருகன், யோவான், காசிம் என மூவர் பிரதி பெற்றனர் என்க. ஒவ்வோரிடத்தும் மூவருள் இருவரேனும் ஒத்திருத்தல் திண்ணம். அப்பெரும்பான்மை இலக்கத்தையே எங்கும் கொண்ட ஒரு பிரதி அகப்பட்டதாகக் கொள்வோம். இதனை முருகனும் யோவானும் ஆக்கியிருக்கலாம். அவர்கள் ஒத்த இடத்தில் பெரும்பான்மை அவர்களுடையதே. வேறுபட்ட இடத்தில் வேண்டியதைத் தெரிந்துகொள்ள வல்லர். இவ்வாறே யோவானும் காசிமும் ஆக்கியிருக்கலாம். காசிமும் முருகனும் ஆக்கியிருக்கலாம். இம்மூன்று இணைகளுக்கும் பொதுவானவர் ஒருவருமிலர். ஆகவே, யாரைச் சுட்டினும், அவர் நிரபராதியாயிருக்கக் கூடும்.

எனினும், முழு உறுதியை விடுத்துச் சிறு ஐயத்திற்கு இடந்தருவோமாயின் வழியுண்டு. குறிகளைத் தற்செயலாய்ச் சிதறி, அவற்றின் எண்ணிக்கையை மிகுத்தால், நிரபராதி அகப்படும் வாய்ப்பு மிகச் சிறிதாகும். 2003ஆம் ஆண்டில் காபோர் டார்டோஷ் என்னும் ஹங்கேரியக் கணித அறிஞர் இதற்கொரு சிறந்த முறையை வகுத்தார். அதன்படி, கள்வர் 10 பேர்வரை கூடினும், நிரபராதி ஒருவர்மீது பழி சேரும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றுக்கு மேற்படாதிருக்க, ஏறக்குறைய 1,40,000 குறிகள் வேண்டும். கள்வர் 20 பேராயின் 5,60,000 வேண்டும். கூட்டம் இருமடங்கானால் குறி நான்மடங்காகும். பிறிதெம்முறையாலும் இவ்வர்க்க வளர்ச்சியைத் தவிர்த்தல் இயலாதென்பதையும் அவரே நிறுவினார். சிறு நூலொன்றில் இத்துணைக் குறிகளை மறைக்க இடமேது?

ஆதலின், கைரேகைக் குறி காட்டும் சான்று எத்துணை வலியதாயினும், அஃது அளந்தறிந்த ஐயத்தோடு கூடியதே. கணிப்பொறி சொல்லிற்று என்னும் ஒன்றையே கொண்டு ஒருவரைக் கள்வரெனத் தீர்ப்போர், அவ்வையத்தின் அளவு யாதென முதற்கண் வினவுதல் கடனாகும்.