கண்டாமுக்கு எந்த வாசல் வழியாக நுழைவது?

அனிமே பார்க்கப் புதிதாக வருபவர்களைப் பெரும்பாலும் மிரள வைப்பது எண்ணிக்கைதான். 'ஒன் பீஸ்' 1999 அக்டோபரில் தொலைக்காட்சிக்கு வந்தது. இன்று 1,100 எபிசோடுகளைத் தாண்டி நிற்கிறது. முதலிலிருந்து பார்த்தால் எப்போது முடிப்பது, நடுவில் நுழைந்தால் ஏதாவது புரியுமா என்று தயங்கியே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 'ஒன் பீஸ்' விஷயத்தில் அந்தத் தயக்கம் நியாயமானது. தொடக்கத்தில் வரும் லாபூன் என்ற திமிங்கிலம் யாருக்காகக் காத்திருக்கிறது என்ற கதையின் மறுபாதி, பல நூறு எபிசோடுகள் கழித்துத்தான் வருகிறது. முன்பாதியைப் பார்க்காதவருக்கு அங்கே கண் கலங்காது.

எல்லா நீண்ட தொடர்களும் அப்படியல்ல. 1979-இல் தொடங்கி இன்றுவரை புதிது புதிதாக வந்துகொண்டிருக்கும் 'கண்டாம்' அதற்கு நல்ல சான்று.

மனிதர்கள் உள்ளே அமர்ந்து ஓட்டும் ராட்சத ரோபோக்கள், விண்வெளிக் குடியிருப்புகளுக்கும் பூமிக்கும் இடையே ஒரு போர். யோஷியுகி டோமினோ இயக்கிய முதல் கண்டாம் தொடர் இதுதான். 52 எபிசோடுகளுக்குத் திட்டமிட்டிருந்தார்கள். பார்வையாளர் குறைவு, பொம்மை விற்பனையும் மந்தம் என்று 43-உடன் நிறுத்தப்பட்டது. அதைக் காப்பாற்றியவர்கள் தாமதமாக வந்த ரசிகர்கள். மறு ஒளிபரப்பில் பார்த்தவர்களும், 1980-இல் பண்டாய் வெளியிட்ட பிளாஸ்டிக் மாடல்களை வாங்கி ஒட்டியவர்களும்தான் கண்டாமைப் பெரிய அலையாக்கினார்கள். 1981, 82-இல் அந்த 43 எபிசோடுகளையும் மூன்று திரைப்படங்களாகச் சுருக்கித் தயாரிப்பாளர்களே கொடுத்தார்கள். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 7 மணி நேரம். முழுத் தொடருக்கு நேரமில்லாதவர்கள் இந்தப் படங்களைப் பார்ப்பதில் குறை ஒன்றுமில்லை.

1985-இல் வந்த 'ஜீட்டா கண்டாம்' முதல் கதையின் நேரடித் தொடர்ச்சி. அதில் குவாட்ரோ என்ற பெயரில், கறுப்புக் கண்ணாடி அணிந்து ஒருவர் வருகிறார். அவர் உண்மையில் யார் என்பது பழைய தொடரைப் பார்த்தவருக்கு முதல் பார்வையிலேயே தெரியும். மற்றவருக்கு அவர் இன்னொரு விமானி, அவ்வளவுதான். 2025-இல் வந்த 'ஜீக்வாக்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போய், 1979-இன் கதை வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறது. புதிய தொடர்தானே என்று நம்பி அதில் தொடங்குபவருக்கு, கேள்வியே தெரியாமல் விடையைப் படித்த நிலைதான். புதியது எளிது என்பது தவறான கணக்கு.

திருப்பம் 1994-இல் வந்தது. 'ஜி கண்டாம்' பழைய காலவரிசையை அப்படியே விட்டுவிட்டு, வேறொரு உலகத்தில், வேறு மனிதர்களோடு கதையைத் தொடங்கியது. பெயரும் ரோபோவும் மட்டும் மிச்சம். அதன்பின் 'விங்', 'சீட்', 'டபுள் ஓ', 'அயர்ன் பிளட்டட் ஆர்பன்ஸ்' என்று இப்படித் தனி உலகங்கள் பல வந்துவிட்டன. 2000-இல் அமெரிக்கச் சிறுவர்கள் கார்ட்டூன் நெட்வொர்க்கில் முதலில் பார்த்தது 'விங்' தொடரைத்தான். டோமினோவின் கதை தெரியாமலேயே ஒரு தலைமுறை அங்கே கண்டாம் ரசிகர்களாகிவிட்டது. 2022-இன் 'தி விட்ச் ஃப்ரம் மெர்க்குரி' பள்ளிக்கூடத்தில் நடக்கும் கதை. தொலைக்காட்சிக் கண்டாமில் ஒரு பெண் கதைநாயகியானது அதில்தான் முதல்முறை. 24 எபிசோடுகள், ஒரு முன்கதை. வேறு எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் புதியவர் ஒருவர் கேட்டால் முதலில் கையில் கொடுக்க வேண்டியது 1989-இன் 'வார் இன் தி பாக்கெட்'. பழைய காலவரிசைக்குள்தான் இது நடக்கிறது; ஆனால் பழைய நாயகர்கள் கதைக்குள் வருவதில்லை. போரில் சேராத ஒரு குடியிருப்பில் வாழும் ஆல் என்ற பள்ளிச் சிறுவனுக்கு ரோபோச் சண்டை என்றால் கொள்ளை ஆசை. எதிரிப் படையின் இளம் வீரன் ஒருவனோடு அவனுக்கு நட்பு உண்டாகிறது. அந்த ஆசை என்ன விலை கேட்கிறது என்பதுதான் கதை. இரு தரப்பின் பெயர்கள் தெரியாவிட்டாலும் நெஞ்சு கனக்கும். கண்டாம் இத்தனை ஆண்டுகளாகப் போரைப் பற்றி என்ன சொல்ல முயல்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன படைப்பு அந்த வரிசையில் இல்லை.

மொத்தம் 6 எபிசோடுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். பிடித்திருந்தால் அடுத்து அந்த மூன்று படங்களுக்குப் போங்கள், 'ஜீட்டா' அதற்குப் பிறகு.