வாட் சிஸ்டரும் தாதியர் சங்கமும்

காத்தான்குடி மெயின் வீதியில் காலை ஆறரைக்குத் தாதிச் சீருடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற எங்கட பிள்ளைகளைக் காண்பது இப்போது புதினமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தால், ஊர் கேட்கிற கேள்வி மட்டும் மாறவேயில்லை: “நோயாளிய உட்டுட்டு வெளிய நிக்கிறது சரியா மிஸ்ஸி?” அந்தக் கேள்வி முதலில் போய் விழுவது வாட் சிஸ்டரின் தலையில். கிழக்கில் ஒரு அரச வைத்தியசாலையில் பல வருடம் வாட் பொறுப்பில் இருந்தவள் என்ற வகையில், அந்த நாற்காலியின் நிலைமையை விளக்குவது பயன்படும் என நினைக்கிறேன்.

நம் நாட்டில் தொழிற்சங்கம் யாரும் போட்ட பிச்சையல்ல. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையும் அந்தச் சுதந்திரத்தைத் தருகிறது. தாதியர் மத்தியில் பெரிதாக அறியப்பட்டவை இரண்டு: முருத்தெட்டுவே ஆனந்த தேரர் தலைமை தாங்கிய அரச சேவை ஐக்கிய தாதியர் சங்கம், சமன் ரத்னப்பிரிய தலைமை தாங்கிய அரச தாதி உத்தியோகத்தர் சங்கம். ஒரு தேரர் தாதியருக்குத் தலைவர் என்றால் வெளிநாட்டுக்காரர் வியப்பார்கள். நமக்கு அது பழகிப்போன காட்சி.

இங்கே சிஸ்டரின் நிலைமை ஒரு விதத்தில் விசித்திரமானது. பிள்ளைகளின் சம்பளத்தை அவர் தீர்மானிப்பதில்லை. அது கொழும்பிலிருந்து சுற்றறிக்கையாக வருகிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தின்போது தாதியரை வீதிக்கு இறக்கியதும் மேலதிக நேரக் கொடுப்பனவையும் விடுமுறை நாள் கொடுப்பனவையும் கணிக்கும் முறை மாறியதுதான். அதில் எந்த வாட் சிஸ்டருக்கும் கையில்லை. அவரும் பல நேரம் அதே சங்கத்தின் உறுப்பினர்தான். ஆனாலும் வேலைநிறுத்த நாளில் சேலைன் முடியப்போகிற கட்டில் எது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டியவர் அவர்தான். இரண்டு அமானிதங்கள் ஒரே தோளில்.

அமெரிக்காவில் இந்தக் குழப்பத்தைச் சட்டத்தால் அறுக்கப் பார்த்தார்கள். அங்கே இலாப நோக்கற்ற ஆஸ்பத்திரி ஊழியருக்குச் சங்க உரிமைப் பாதுகாப்பு கிடைத்ததே 1974இல்தான். மேற்பார்வையாளர் எனப்படுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்படியானால் ஒரு ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பான தாதி மேற்பார்வையாளரா, தொழிலாளியா? 2006இல் ஓக்வுட் ஹெல்த்கெயார் வழக்கில் தொழிலுறவுச் சபை, நிரந்தரமாகப் பொறுப்பில் இருப்பவர்கள் மேற்பார்வையாளர், முறைவைத்து மாறி மாறி நிற்பவர்கள் அல்லர் என்று பிரித்தது. அங்குள்ள மேலாளர்களுக்கு நான்கு விலக்குகளைச் சொல்லிக்கொடுப்பார்கள்: மிரட்டாதே, சங்கத்தில் சேர்ந்தாயா என்று விசாரிக்காதே, சேராதிருக்க ஆசை காட்டாதே, உளவு பார்க்காதே. பட்டியல் நல்லதுதான். எங்கட வாட்டுகளில் அதிகம் மீறப்படுவது நான்காவது என்பது என் எண்ணம். இப்போது அதற்கு ஆள் வைக்கவும் தேவையில்லை, வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இருந்தாலே போதும்.

சிஸ்டருக்கு உள்ள உண்மையான அதிகாரம் டியூட்டி லிஸ்ட். எவருக்கு இரவு, எவருக்கு ஓஃப், பெருநாளன்று எவர் என்பதையெல்லாம் அவர்தான் எழுதுகிறார். போராட்டத்துக்குப் போனவளுக்கு அடுத்த மாதம் தொடர்ந்து இரவு டியூட்டி விழுந்தால், அது பழிவாங்கல் என்று எந்தக் கடிதமும் சொல்லாது. ஆனால் முழு வாட்டுக்கும் விளங்கிவிடும். நோன்பு காலத்தில் நான் கண்டது இது: முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஃப்தார் நேரத்தில் தமிழ், சிங்களப் பிள்ளைகள் நின்று கொடுப்பார்கள், வெசாக்குக்கும் தீபாவளிக்கும் இவர்கள் நிற்பார்கள். லிஸ்ட் நேர்மையாக எழுதப்படும் வாட்டில்தான் அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். அப்படியான வாட்டில் வேலைநிறுத்தம் வந்தாலும், “சிஸ்டர், ஐசியூவுக்கு ரெண்டு பேர் நிப்பம்” என்று பிள்ளைகளே முன்கூட்டிச் சொல்வார்கள்.

பிரித்தானியாவில் இதை எழுத்திலேயே செய்தார்கள். ரோயல் கொலிஜ் ஒஃப் நர்சிங், தன் 106 வருட வரலாற்றில் முதல் தடவையாக 2022 டிசம்பர் 15இலும் 20இலும் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஒன்றாக வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கீமோதெரபி, டயலிசிஸ், தீவிர சிகிச்சை போன்றவற்றுக்குச் சங்கமே முன்கூட்டி விலக்களித்தது. அதே 2022 பெப்ரவரியில் இலங்கையில் பல சுகாதாரச் சங்கங்கள் சேர்ந்து போராடியபோது அரசாங்கம் கையிலெடுத்தது நீதிமன்றத் தடையுத்தரவையும் அத்தியாவசிய சேவை வர்த்தமானியையும். வர்த்தமானி ஆளை வாட்டுக்குக் கொண்டுவரலாம். வந்த ஆள் மனம் ஒத்து வேலை செய்வதற்கு அதில் வழியில்லை. அந்த மிச்சத்தைச் சமாளிக்கிறவர் சிஸ்டர்.

இதெல்லாம் அரச வைத்தியசாலைக் கதை. தனியார் கிளினிக்குகளில் வேலை செய்யும் எங்கட பெண் பிள்ளைகளின் கதை வேறு. சீருடை இருக்கும், சிலரிடம் நியமனக் கடிதம்கூட இருக்காது. அவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தைத் திருத்தி, சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தனியார் முதலாளி ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதை முறையற்ற தொழில் நடைமுறை ஆக்கியது. ஒரு சங்கம் எந்த ஊழியருக்காகப் பேச வருகிறதோ, அந்த ஊழியரில் 40 வீதத்தினராவது அதன் உறுப்பினராக இருந்தால், அதோடு பேச மறுக்கவும் முடியாது. கிளினிக்கில் 5 பேர்தான் வேலை செய்கிறார்கள், 7 பேருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஏற்கனவே பதிந்துள்ள சங்கமொன்றில் சேரலாம். 5 பேரில் 2 பேர் சேர்ந்தாலே 40 வீதம்.